பார்க்க மட்டும்

கரடிப்போக்குச் சந்தி. கீழே சீமெந்துக் கடை பூட்டியாயிற்று.
மேல்மாடியில் நானும்
இருநூற்றுப் பதின்மூன்று கருவிகளும்.

எல்லாம் ஒரே குவியல்.
முன்பிருந்தவர்கள் வந்தது வந்தபடி சேர்த்திருக்கிறார்கள்:
'சுவிட்ச் புதியது', 'சுவிட்ச் புதியது 2',
'பள்ளிக்கூடம்'. எந்தப் பள்ளிக்கூடம்?
ஒன்றுக்குப் பெயர் 'தொடவேண்டாம்'.
என்னவென்று ஒருவருக்கும் தெரியாது,
பச்சையாய்த்தான் எரிகிறது.
நானும் தொடவில்லை.

கொழும்பு சொன்னது: வகைப்படி பிரி.
ரவுட்டர் ரவுட்டரோடு, கமரா கமராவோடு.
பிரித்தேன். அலுமாரியில் மடித்து வைத்த உடுப்பு மாதிரி
அழகாய்த்தான் இருந்தது.
முதல் மழைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு வீதிப்படி. ஏ ஒன்பதுக்குக் கிழக்கு, மேற்கு.
அதுவும் சரிவரவில்லை.
இரணைமடு வான்கதவு திறந்த இரவில்தான் பிடிபட்டது:
பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை,
பத்து நிமிடத்துக்குள் அடுத்தடுத்துச் சிவந்தன.
சேர்ந்து விழுபவை ஒரு குழு.
அதற்குப் பெயர் வைத்தேன், 'தண்ணி'.

மாங்குளம் தாய்க் கருவி.
அது விழுந்தால் கீழுள்ள அறுபத்தொரு பிள்ளைகளும்
என் கைப்பேசியில் கத்தும்.
அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. சரி போட்டுவிட்டால்
தாய் எழும்பும்வரை பிள்ளைகள் சத்தம் போடா.
ஒரு கிளிக் வேலை.
எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு
வந்துதான் போட்டேன்.

இனி ஆட்கள்.
யூட் அமலதாஸ் கம்பத்தில் ஏறுகிறவன்,
மாற்றவும் நிறுத்தவும் அவனுக்கு உரிமை.
'நெடுங்கேணி வேண்டாம் அக்கா' என்றான்.
மாமனார் வீட்டு இணைப்பு அங்கே;
வேகத்தைக் கூட்டித் தா என்று ஒரே ஆக்கினை.
கணக்குப் பார்க்கும் சிவயோகத்துக்கு
காசு கட்டாதவர் பட்டியல்.
மல்லாவிக் கூட்டுறவுச் சங்கம்
தன் ஒரேயொரு பச்சையைத் தானே பார்க்கவேண்டுமாம். பார்க்கட்டும்.
கொழும்புக்கு எல்லாம். கேட்காமலே எல்லாம்.

'பார்க்க மட்டும்' என்றொரு படி இருக்கிறது.
தொடமுடியாது, நிறுத்தமுடியாது,
சிவப்பு எரிந்தால் எரிவதைக் காணலாம்.
இந்த மண்ணை அப்படிப் பார்த்தவர்கள்
முன்பும் இருந்தார்கள்,
வானத்திலிருந்து,
நல்ல தெளிவாக.

பட்டியலின் அடியில் கஜீபன்.
வேலையை விட்டு எட்டு மாதம்.
ருமேனியாவில் கதவுப்பிடி செய்கிற தொழிற்சாலை.
கடவுச்சொல்லை ஒருவரும் மாற்றவில்லை.
கடைசி நுழைவு நேற்று, 2.14.
முந்தநாள் 2.09.
அங்கே அது வேலை முடிந்து அறைக்கு வருகிற நேரம்.
மாற்றியவை: எதுவுமில்லை.
திறந்த பக்கம்: விசுவமடு, ஏழாம் கம்பம்.

அவன் வீட்டு ஒழுங்கை முகப்பில் நிற்கிற கம்பம்.
ஒரு கோடு. பதில் வர நான்கு மில்லிசெக்கன்.
கரண்ட் போனால் அறும், வந்தால் தொடரும்.
அதில் வீடு தெரியாது. முற்றத்தில் யார் நிற்கிறார்கள், தெரியாது.
கரண்ட் இருக்கிறது,
அவ்வளவுதான் தெரியும்.

விதி: விலகியவர் கணக்கு அழிக்கப்படவேண்டும்.
திங்கட்கிழமை கணக்காய்வு.
'அழி'யின்மேல் அம்புக்குறி கனநேரம் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டை அவனிடமிருந்து எடுத்தேன்.
பழைய கடவுச்சொல்லை எடுத்தேன்.
புதியதை வைபரில் அனுப்பினேன்,
கூட ஒரு சொல்லும் எழுதாமல்.
ஒன்றை விட்டேன். படி: பார்க்க மட்டும்.
குறிப்பு எழுதும் இடத்தில்,
கொழும்பு கேட்கும் என்று தெரிந்தும்,
'ஏழாம் கம்பம், இரவுக் காவல்' என்று போட்டேன்.

2.11. வந்துவிட்டான்.
கோடு நேராய் ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்திருந்தோம்.

2.20க்கு நெடுங்கேணி சிவந்தது.
யானையாக இருக்கும்.
அமலதாஸுக்கு அங்கே உரிமை இல்லை,
நான்தான் தரவில்லை.
இனி அந்த மாமனார்
என்னைத்தான் கூப்பிடுவார்.